காப்பிரி மதிலுக்கு ஊற்றிய கள்

நோட்டுத் தாள் மூன்றாவது தடவையும் கிழிந்திருந்தது.

ராஜப்பன் கட்டிலில் முழங்காலூன்றி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மகளின் கணக்கு நோட்டிலிருந்து விரல் அகலத்துக்குத் தாள் கிழித்து, கஞ்சி தொட்டு, மதிலின் விரிசலுக்குக் குறுக்கே ஒட்டிவைப்பான். தாள் கிழிந்தால் மதில் நகர்கிறது என்று அர்த்தம். முதல் தாள் பத்து நாள் தாங்கியது. இரண்டாவது நான்கு நாள். இது நேற்றுக் காலை ஒட்டியது.

கட்டிலில் மகள் அஞ்சனா வாயைத் திறந்தபடி தூங்கினாள். அவள் தலைக்கும் மதிலுக்கும் ஒரு சாண்தான் தூரம். வெளியே ஜூன் மாதத்து இடவப்பாதி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

"கிழிஞ்சிருச்சா?" என்று அடுப்படியிலிருந்து காளியம்மை கேட்டாள்.

"ம்."

அவள் புட்டுக் குழாயை இறக்கும்போது ஆவி மணிக்கட்டில் பட்டது. அதை வாயருகே வைத்து ஊதிக்கொண்டு நின்றாள்.

மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிப் பக்கம் பழைய சுக்குக் குடோன்களுக்குப் பின்னால் ஒரு சந்து. நானும் அந்தச் சந்துக்காரன்தான். எங்கள் வீடுகளுக்கு மூன்று சுவர்தான் சொந்தம், நாலாவது குடோன்காரனின் மதில். அந்தக் காலத்தில் வந்தவர்கள் மதிலில் ஆணியடித்துத் தகரத்தைச் சாய்த்துக் குடியேறிவிட்டார்கள். மதில் இரண்டு ஆள் உயரம், இரண்டு கை நீளத்துக்குக் கனம். வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும். மழைக்காலத்தில் அதிலிருந்து இன்னமும் சுக்கு வாசனை வரும்.

ராஜப்பனுக்குக் கார்ப்பரேஷனில் கானா வாருகிற வேலை. சாக்கடைக்கு இங்கே கானா என்றுதான் பெயர். காளியம்மை பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் சேகரிக்கிறவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தன் காலத்தில் வந்த குடும்பம். ராஜப்பனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. கோபம் வந்தால் தமிழ், பயம் வந்தால் மலையாளம்.

"காளி, மோளை நான் இன்னைக்கே வைப்பினுக்குக் கொண்டு போறேன்," என்றான். "ஷைலஜா வீட்ல ரெண்டு வாரம் கிடக்கட்டும்." ஷைலஜா அவனுடைய தங்கை, காயலுக்கு அப்பால் வைப்பின் தீவில் இருக்கிறவள்.

"இருவத்திரெண்டு நாள் கூடி இருக்கு. ஏழு வயசு திகையட்டும்."

"திகையறதுக்கு முன்னே மதில் விழுந்தா?"

"அதை முத்தப்பன் நோக்கிக்குவான்."

"முத்தப்பன்தான்டி தள்றான். நான் தாள் ஒட்டிப் பாத்துட்டு இருக்கேன்."

"அப்படிச் சொல்லாதீங்க." அவள் எட்டி வந்து அவன் வாயைப் பொத்தினாள். "கேட்டுட்டு இருக்கும்."

கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போர்ச்சுக்கீசியப் பறங்கிகள் ஆப்பிரிக்காவிலிருந்து கறுப்பு மனிதர்களைக் கப்பலில் பிடித்து வந்து இங்கே அடிமைகளாக வைத்திருந்தார்கள். லந்தக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், படையோடு வந்தபோது, ஓடுகிற அவசரத்தில் பறங்கிகள் பொன்னை மதிலுக்குள் வைத்து, காவலுக்கு ஓர் அடிமையை வெட்டி உள்ளே நிறுத்திப் பூசிவிட்டார்களாம். அவன்தான் காப்பிரி முத்தப்பன். காப்பிரி என்றால் ஆப்பிரிக்கக் கறுப்பன், முத்தப்பன் என்றால் பாட்டன். பெரிய உருவம், மதில்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பான், கள் குடிப்பான், கேட்டதைக் கொடுப்பான். கதை சொல்கிறவர்கள் பொன்னைப் பற்றித்தான் வாய் ஓயாமல் சொல்வார்கள். லந்தக்காரன் வந்த பிறகும் அந்த வியாபாரம் நிற்கவில்லை, இந்தத் துறையிலிருந்தே இந்த நாட்டு ஆணையும் பெண்ணையும் குழந்தையையும் பத்திரம் எழுதி வாங்கி ஜாவாவுக்கும் ஆப்பிரிக்காவின் தென்முனைக்கும் ஏற்றினார்கள் என்று சொல்ல ஒருத்தனுக்கும் நாக்கு வராது. எனக்கு அதில் கோபம் உண்டு. யாரிடம் போய்க் காட்டுவது?

காளியம்மைக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அஞ்சனா. முதல் பிள்ளை நாலாம் மாதத்தில் வயிற்றிலேயே போயிற்று, இரண்டாவது ஆறாம் மாதத்தில். மூன்றாவது தங்கியபோது மதிலில் நெற்றியை வைத்து வேண்டிக்கொண்டாள். இந்தப் பிள்ளையை உயிரோடு கொடு, ஏழு வயது நிறையும்வரை உன் மதிலைவிட்டு ஒரு ராத்திரிகூட மாற்றிக் கிடத்தமாட்டேன் என்று. பிள்ளை பிறந்தது. அவளுக்கு மூன்று வயதில் தோப்பும்படியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கினார்கள். அன்று குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. கண் மேலே சொருகி, பல் கிட்டி, கை கால் இழுத்ததை ராஜப்பனும் பார்த்தான். அதனால்தான் அவனால் பெண்டாட்டியை ஒரேயடியாக அதட்ட முடியவில்லை.

அப்புறம் அந்தப் பூசை. வீட்டை ஒட்டி வெளியே, மதிலின் காலடியில் தேங்காய் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. வெள்ளிக்கிழமை அதற்குள் அரைக் குப்பி கள், பக்கத்தில் பற்றவைத்த சுருட்டு, ஒரு அவித்த முட்டை. அதோடு தினமும் சாயங்காலம் முத்தப்பன் காலைக் கழுவ ஒரு குடம் தண்ணீர். ராஜப்பனின் அம்மா நாற்பது வருஷம் ஊற்றினாள். அவள் போன பிறகு காளியம்மை பன்னிரண்டு வருஷமாக ஊற்றுகிறாள். காய்ச்சலில் கிடந்தாலும் அந்தக் குடம் தவறாது.

ஞாயிற்றுக்கிழமை ராஜப்பன் பாண்டித்துரையைக் கூட்டிவந்தான். பாண்டித்துரை சிவகங்கைக்காரன், தோப்பும்படியில் அறை எடுத்துத் தங்கிப் பழைய கட்டடம் இடிக்கிறவன். மெலிந்த ஆள், கை மட்டும் பெரிது. வந்ததும் சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, மதிலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தட்டிக்கொண்டே போய், காதை வைத்துக் கேட்டான்.

"அண்ணே, நடுவுல சத்தம் சரியில்லண்ணே. உள்ள பொக்கையா இருக்கு."

காளியம்மை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பொன், வெட்டுப்பட்ட உடம்பு, எல்லாம் அவள் கண்முன்னால் வந்துபோயிருக்க வேண்டும்.

பாண்டித்துரை குனிந்து அந்தப் பொந்தில் கடப்பாரையை விட்டான். முக்கால் கடப்பாரை தடையில்லாமல் உள்ளே போயிற்று. உருவியபோது நுனியில் கூழாய்ப் போன சுண்ணாம்பு. முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"புளிச்ச நாத்தம். யாருண்ணே இங்கன தண்ணி ஊத்துறது?"

காளியம்மை வாசலிலிருந்த குடத்தைப் பார்த்தாள்.

"மழைத் தண்ணி இல்லண்ணே இது. மழை பெஞ்சா மேலருந்து அரிக்கும். இது அடியில அரிச்சிருக்கு. வருசக்கணக்கா ஒரே எடத்துல ஊத்தி ஊத்தி, அஸ்திவாரத்துச் சுண்ணாம்பெல்லாம் கரைஞ்சு போச்சு. கல்லு வெறுங்கல்லா உக்காந்திருக்கு."

ராஜப்பன் தலையைத் திருப்பிக்கொண்டான். தண்ணீர் எப்படி அடியில் புகுந்து தின்னும் என்று கானா வாருகிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஊரான் வீட்டு அஸ்திவாரத்தை எல்லாம் பார்த்துச் சொல்கிறவன், தன் வீட்டில் தினம் விழுகிற குடத்தைத் தண்ணீர் என்று நினைத்ததேயில்லை.

"நான்தான்," என்றாள் காளியம்மை. "நான் காலு கழுவினேன்."

"அக்கா, நீங்க என்ன தெரிஞ்சா செஞ்சீங்க."

"எத்தனை நாள் நிக்கும்?"

"மழை விட்டா பத்து நாள். விடலைன்னா எனக்குத் தெரியாதுக்கா. மேலருந்து ஒவ்வொரு கல்லா எறக்கணும். மிஷினு இந்தச் சந்துல வராது."

அன்று சாயங்காலம் குடம் நிறைந்து வாசலில் இருந்தது. காளியம்மை அதைத் தூக்கினாள், வைத்தாள், மறுபடி தூக்கினாள். ஊற்றினால் மதில் விழும். ஊற்றாவிட்டால் முத்தப்பன் கோபிப்பான். இரண்டும் விழுவது அஞ்சனாவின் தலையில். எதிர்வீட்டு சுபாஷிணி வந்து பார்த்தபோது குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாளாம்.

"காளிச்சேச்சி, எந்தா இது. எழுந்திரிங்க."

"எனக்குப் பேடியா, பயமா இருக்கு சுபா. நான் எதைச் செஞ்சாலும் பிள்ளைக்குத்தான் வருது."

கடைசியில் குடத்தைக் கானாவில் கவிழ்த்தாள். இடிக்கச் சம்மதித்தாள். ஆனால் ஒரே பிடிவாதம்: பிள்ளை வைப்பினுக்குப் போகக்கூடாது, வாசல் பக்கம் சுபாஷிணியோடு இருக்கட்டும். குடோன்காரர் கோயம்புத்தூரில் இருந்தபடி போனில், இடித்துக்கொள், கல்லையும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை சிவப்பு எச்சரிக்கை என்று கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார். லீவு விட்டதும் வெயில் அடித்தது. எங்கள் ஊரில் அது வழக்கம். வானம் தெளிந்த உடனே பாண்டித்துரை ஏணியோடு வந்துவிட்டான்.

காளியம்மை சுருட்டைப் பற்றவைத்துப் பொந்தருகே வைத்தாள். "முத்தப்பா, தெரியாம செஞ்சுட்டேன். உன்னை வெளியே போகச் சொல்லலை. பிள்ளை மேலே கல்லு விழாம இருக்கத்தான்." அவ்வளவுதான் சொன்னாள். சுருட்டு இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை அவள் பற்றவைக்கவில்லை.

தகரத்தைக் கழற்றி, கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டார்கள். பாண்டித்துரை மேலே நின்று கல்லை நெம்பி அசைத்துக் கொடுக்க, ராஜப்பன் வாங்கி இறக்க, காளியம்மை சுமந்துபோய் அடுக்கினாள். ஈரக் கல் பிணம் கனம் கனத்தது. முந்தானையெல்லாம் செம்மண். ஒவ்வொரு கல் அசையும்போதும் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பதினோரு மணிக்கு நடுப்பகுதி இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. இடப்பக்கம் மட்டும் முழு உயரத்தோடு சாய்ந்து நின்றது. அதற்கு இரண்டு மூங்கில் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பொக்கை தெரிந்தது. மதிலுக்குள் இன்னொரு மதில். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடைவெளி. பொன்னும் இல்லை, எலும்பும் இல்லை. உள்மதிலில் முழங்கால் உயரத்தில் வரிசையாக இரும்பு வளையங்கள், பாதிக்குமேல் துருவாகி உதிர்ந்திருந்தன.

"மாடு கட்டியிருப்பாங்கண்ணே," என்றான் பாண்டித்துரை.

"மாடுதான்," என்றான் ராஜப்பன் அவசரமாக. வேறு எதுவாகவும் அது இருக்க அவன் விரும்பவில்லை.

சுபாஷிணி சாயாவும் அவித்த கப்பைக் கிழங்கும் கொண்டுவந்து கூப்பிட்டாள். மூவரும் வாசலுக்குப் போய்க் கை கழுவினார்கள். காளியம்மை கப்பையைப் பிட்டு வாயில் வைத்தாள். வைத்தவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"மோள் எங்கே?"

"இப்ப இங்கதானே இருந்தா," என்றாள் சுபாஷிணி.

உள்ளேயிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "அம்மா."

காளியம்மை ஓடினாள். அஞ்சனா இடைவெளிக்குள் குந்தியிருந்தாள். கடைசி வளையத்திலிருந்து நாலு கண்ணிச் சங்கிலி தொங்கியது. அதன் நுனியில் இன்னொரு வளையம். அது துருவேறி மூடியிருந்தது. அதற்குள் அஞ்சனாவின் வலது கை மணிக்கட்டுவரை போயிருந்தது.

"வளைன்னு நெனச்சேன்மா," என்றாள். "வரமாட்டேங்குது."

ராஜப்பன் பின்னாலேயே நுழைந்து இழுத்துப் பார்த்தான். பிள்ளை அலறினாள். இரும்பு தோலை உரித்து ரத்தம் எட்டிப்பார்த்தது. பாண்டித்துரை கடப்பாரையை எடுத்து, வளையத்தைக் கல்லோடு பெயர்க்கப் போனான். முதல் நெம்பலிலேயே இடப்பக்கத்து மதிலிலிருந்து பொலபொலவென்று சுண்ணாம்பு கொட்டியது. மூங்கில் கிரீச்சிட்டது.

"அண்ணே, தொடக்கூடாது. தொட்டா மொத்தமும் வந்துரும்."

"ஆக்சா பிளேடு இருக்கா?"

"ரூம்ல இருக்குண்ணே."

"ஓடு."

அவன் ஓடினான். வெயில் போய்விட்டது. தகரம் இல்லாத வீட்டுக்குள் முதல் தூறல் விழுந்தது. தோப்பும்படிக்குப் போய் வர அரை மணி நேரமாவது ஆகும். ராஜப்பன் சாய்ந்த மதிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டான். அது எதற்கும் உதவாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் நின்றான். அவன் வாயிலிருந்து "ஈஸ்வரா, ஈஸ்வரா" என்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

காளியம்மை சேற்றில் விழுந்து வளையத்தைப் பிடித்துக்கொண்டாள். "முத்தப்பா, விடு. பிடிச்சது போதும். பதினெட்டு நாள்தானே மிச்சம், அதுக்குள்ள ஏன் பிடிக்கிறே. குப்பி குப்பியாக் கள்ளு தாரேன், கோழி அறுக்கிறேன், என்னை எடுத்துக்க, பிள்ளையை விடு."

"அம்மா, வலிக்குது."

பிள்ளையின் கையோடு சேர்த்து வளையத்தைப் பிடித்திருந்த காளியம்மையின் விரல்கள் அதைச் சுற்றிவந்தன. சட்டென்று பேச்சு நின்றது. தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நாலு விரல்கூட உள்ளே போகாது. ராஜப்பனின் கையைப் பார்த்தாள். மற்ற வளையங்களைப் பார்த்தாள். எல்லாம் முழங்கால் உயரம். குந்தியிருக்கிற அஞ்சனாவின் தோளுக்குச் சரியாக இருந்தது.

"இது பெரிய ஆளுக்கு இல்லை," என்றாள்.

"எந்தா?"

"இதுல முத்தப்பன் கை போகாதுங்க. இது பிள்ளைக் கைக்குச் செஞ்சது."

ராஜப்பன் முதுகை மதிலில் இன்னும் அழுத்தினான். மழை வலுத்தது. வெளியே அடுக்கிய கற்களில் சிவப்புத் தண்ணீர் ஓடியது.

வேண்டுதலெல்லாம் அந்த நொடியில் அவளை விட்டுப் போயிற்று. மதிலோடு பேசுகிற காளியம்மை போய், தினம் முப்பது வீட்டுப் பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கிற காளியம்மை வந்தாள். "சுபா, என் சாக்குல ரொட்டிக் கவர் இருக்கும், மெல்லிசா நோக்கி ஒண்ணு எடு. வெளிச்செண்ணையும் எடு." திருவிழாவில் இறுக்கமான கண்ணாடி வளையல் போட்டுவிடுகிறவர்கள் கையில் கவரை மாட்டித்தான் ஏற்றுவார்கள், இறக்குவார்கள். வளையல்காரியிடம் கை நீட்டிய எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும்.

கவரைக் கிழித்து, தேங்காய் எண்ணெய் தடவி, வளையத்துக்கும் தோலுக்கும் நடுவில் ஈர்க்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்தாள். மேலேயிருந்து ஒரு கல் விழுந்து அவள் காலருகே உடைந்தது. அவள் திரும்பவில்லை.

"என் மக்களே, உன் கை உறங்குதுன்னு வச்சுக்கோ. உறங்குற கை எப்படி இருக்கும்?"

"தளர்ந்து இருக்கும்."

"ஆங். பெருவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்கு. அது கைக்குழந்தை, அதை நடுவுல கிடத்திக்கோ. அழாதே, அழுதா கை இறுகும்."

"அம்மா, அந்தப் பிள்ளை எப்படி எடுத்துச்சு?"

"எந்தப் பிள்ளை?"

"இது போட்டிருந்த பிள்ளை."

காளியம்மையின் கை ஒரு கணம் நின்றது. "பேசாதே. உறங்குற கை பேசாது," என்றாள். வளையத்தை ஒரு பக்கம் சாய்த்து, கவரின் நுனியைப் பிடித்து, நெல் அளவு, இன்னொரு நெல் அளவு என்று இறக்கினாள். எலும்பில் வந்து மாட்டியது. பிள்ளை பல்லைக் கடித்தாள். காளியம்மை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

கை வந்துவிட்டது.

ராஜப்பன் இருவரையும் வாரிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தான். சுபாஷிணியின் படியில் ஏறியபோது பின்னால் மதில் விழுந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஈரக் கல்லும் மண்ணும் சரிந்து, கட்டில் கிடந்த இடத்தையும் அடுப்பையும் மூடிவிட்டது. பிளேடோடு ஓடிவந்த பாண்டித்துரை சந்து முனையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். அஞ்சனா சுபாஷிணி வீட்டுத் துண்டில் சுற்றிக்கொண்டு ரஸ்க் தின்றுகொண்டிருந்தாள். காளியம்மைதான் மகளின் மணிக்கட்டையே தடவிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவளே பையில் பிள்ளையின் துணியை அடுக்கினாள்.

"ஷைலஜா வீட்ல கிடக்கட்டும்," என்றாள்.

"வேண்டுதல்?" என்றான் ராஜப்பன்.

"முத்தப்பன் இல்லைங்க அது, ஒரு சின்னப் பிள்ளை. அது எதுக்கு நம்ம பிள்ளையைப் பிடிக்கும்? அதுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா."

சொல்லிவிட்டாளே தவிர, பயம் போகவில்லை. ராஜப்பன் பிள்ளையோடு ஏறிய வைப்பின் படகு கிளம்புகிறவரை துறையில் நின்றாள். அன்றும் மறுநாளும் போனை மடியிலேயே வைத்திருந்தாள். காய்ச்சல் உண்டா, உடம்பு சுடுகிறதா, கண் சொருகுகிறதா என்று மணிக்கொரு தடவை கேட்டு ஷைலஜாவின் உயிரை எடுத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அஞ்சனாவே போனில் வந்து, அத்தை மீன் வறுத்தாள், நான் நாலு தின்றேன் என்றாள். அதற்குப் பிறகுதான் காளியம்மை இரண்டு நாளில் முதல் முறையாகச் சோறு போட்டுக்கொண்டாள்.

மண்ணை வாரியபோது ராஜப்பன் உள்மதிலை முழங்கால் உயரத்துக்கு அப்படியே விட்டிருந்தான். அந்த ஒற்றை வளையமும் சங்கிலியும் அதில் இருந்தன.

வெள்ளி சாயங்காலம் அவள் வழக்கம்போலக் குப்பியை எடுத்துக்கொண்டு கள்ளுக்கடைவரை போனாள். வாசலில் நின்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஐம்பது வருஷமா ஒரு பிள்ளைக்குக் கள்ளு ஊத்திக் கொடுத்திருக்கோம் சுபா. சுருட்டுப் பத்த வச்சிருக்கோம். என் பிள்ளையைக் காவல் காருன்னு அதுகிட்டயே கேட்டிருக்கேன்," என்று பிறகு சுபாஷிணியிடம் சொன்னாள். திரும்பி வரும்போது ஒரு பால் பாக்கெட் வாங்கிவந்தாள்.

காய்ச்சி, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, அஞ்சனாவின் டம்ளரில் ஊற்றினாள். கொண்டுபோய் அந்தக் குட்டை மதில்மேல், வளையத்துக்கு நேராக வைத்தாள். காலடியில் ஊற்றவில்லை. கும்பிடப் போன கை பாதியில் இறங்கிவிட்டது. 'முத்தப்பா' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். எங்கிருந்து பிடித்து வந்தார்களோ, எந்தக் கப்பலுக்குக் காத்திருந்ததோ, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. அவள் குந்தி உட்கார்ந்தாள். அப்போதுதான் முகம் அந்த வளையத்தின் உயரத்துக்கு வந்தது.

"குடி பிள்ளே," என்றாள். "சூடில்லை. ஆத்தித்தான் கொண்டு வந்திருக்கேன்."